வேலையை விடலாமா என்று கேட்கப் போன இடம்: மூன்றரை நட்சத்திரம்

'விடு' என்றோ 'இரு' என்றோ யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று காசு கட்டிச் சேர்ந்தவள் நான். அவர்கள் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே ஒற்றை நட்சத்திரம் போட்டு, நன்றாகக் காரம் சேர்த்து ஒரு விமர்சனம் எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அதைத் திறந்து பார்த்தால் பாதி இன்னும் உண்மை, பாதி அவசரம். அவசரத்தை அழித்துவிட்டு மீதியோடு இதை எழுதுகிறேன்.

சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன். அவர்கள் சின்ன நிறுவனம், இரண்டு மூன்று ஆலோசகர்கள்தான். வேலையில் நீடிப்பதா விலகுவதா என்று தவிப்பவர்களுக்கு வீடியோ அழைப்பில் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். தொடங்கும் முன் ஒரு குணநலத் தேர்வு. கையால் எழுத ஒரு நோட்டு, கூடவே ஒரு செயலி. கட்டணம் என் சம்பளத்தில் இரண்டரை நாள்.

எதையும் நாள் சம்பளமாகப் பிரித்துப் பார்ப்பது என் தொழில் புத்தி. 11 வருஷமாகச் சம்பளப் பிரிவில் வேலை. மாதாமாதம் எல்லோருக்கும் சம்பளம் போடுவதுபோல, விட்டுப் போகிறவர்களுக்கு ஃபைனல் செட்டில்மென்ட் போடுவதும் என் பொறுப்பு. மாதத்துக்கு நாலு பேர் என்று வைத்தாலே 500 பேருக்கு மேல் கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். யார் போனஸ் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார், யார் கோபத்தில் மத்தியானம் மெயில் அனுப்பிவிட்டுச் சாயங்காலம் 'அதை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா' என்று வந்து நின்றார், எல்லாம் எனக்குத் தெரியும். இப்படி ஊருக்கெல்லாம் விடை கொடுத்தவளின் கணினியில், என் சொந்த ராஜினாமாக் கடிதம் இரண்டு வருஷமாக வரைவாகவே கிடந்தது. தேதி மட்டும் மாறும்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி ஆனால் வயிற்றைப் பிசையும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும். யாருக்கோ பிடித்தத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இருட்டில் படுத்தபடியே கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். எங்கள் அலுவலகத்தை விட்டுப் போன தோழி ஒருத்திதான் இந்தச் சேவையைச் சொன்னாள்.

மோசமானதை முதலில் முடித்துவிடலாம்.

குணநலத் தேர்வு வெறும் தண்டம். மனிதரை 16 வகையாகப் பிரித்து நான்கு எழுத்துக் குறியீடு தருகிற அந்தப் பிரபலமான முறையைத் தழுவியது. பத்து நாள் கழித்து அதையே மறுபடி செய்து பார்த்தேன். ஓர் எழுத்து மாறிவிட்டது. இடையில் நான் என்ன வேறு பிறவியா எடுத்தேன்? அந்த மூல முறையை உருவாக்கிய கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உளவியலை முறைப்படி படித்தவர்கள் இல்லை. அது குற்றமில்லை. ஆனால் அதைத் தழுவிய ஒரு தேர்வை வைத்துக்கொண்டு 'உங்கள் வகையினருக்குக் கணக்கு சார்ந்த பணி நிறைவு தராது' என்று அறிக்கை அச்சடித்துக் கொடுப்பது அநியாயம். எனக்குக் கணக்கு பிடிக்கும். எங்கோ ஓர் இலக்கம் இடித்து, இரண்டு மணி நேரம் தேடி அதைப் பிடிக்கிற நிமிஷத்துக்காகவே இந்த வேலையில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

செயலி அதைவிட மோசம். காலை ஆறு மணிக்கு 'இன்று உங்கள் கனவை நோக்கி ஓர் அடி வைத்தீர்களா?' என்று மணியடிக்கும். ஆறு மணிக்கு நான் வைக்கிற அடி குளியலறையை நோக்கித்தான். அறிவிப்பை நிறுத்துவதற்குச் செயலிக்குள் வழியே இல்லை. மூன்றாம் நாள் அழித்துவிட்டேன். அதனால் எந்த நஷ்டமும் வரவில்லை.

முதல் அமர்வு முழுக்க நான் புலம்ப, அவர் கேட்டார். ஆலோசகர் நிதானமானவர், இடைமறிக்க மாட்டார், பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். அன்றைக்கு அழைப்பு முடிந்தபோது மனசு லேசானது உண்மை. தோழியிடம் புலம்பினாலும் அதே அளவு லேசாகும், கட்டணம் கிடையாது.

இரண்டாவது அமர்வில்தான் கொடுத்த காசு கண்ணில் தெரிய ஆரம்பித்தது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் விலகக் காரணங்கள், மறுபக்கம் இருக்கக் காரணங்கள். 'இதற்கா இவ்வளவு?' என்றுதான் எனக்கும் தோன்றியது. அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். 1772-ல், அறிவியல் சோதனைகளும் செய்துவந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்ற மதபோதகரை ஷெல்பர்ன் பிரபு தன்னிடம் வேலைக்கு அழைத்தார். போவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா என்று குழம்பிய பிரீஸ்ட்லி, தன் நண்பரான அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். பிராங்க்ளின் எழுதிய பதிலில்தான் இந்தக் கோடு போட்ட தாள் வருகிறது: மூன்று நாலு நாளைக்குத் தோன்றுவதையெல்லாம் எழுது, எடை சமமாக இருப்பவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வா, மிஞ்சுவதைப் பார். பிரீஸ்ட்லி 1773-ல் புது வேலையில் சேர்ந்தார். அடுத்த வருஷமே அங்கே செய்த சோதனையில்தான், பின்னால் ஆக்சிஜன் என்று பெயர் பெற்ற வாயுவைப் பிரித்தெடுத்தார்.

முறை எவ்வளவு நல்லது என்பதற்கு அத்தாட்சியாக இதைச் சொன்னார். எனக்குத் தோன்றியது வேறு. ஆக்சிஜன் அந்தத் தாளின் எந்தப் பக்கத்திலும் இருந்திருக்காதே? பிரீஸ்ட்லி 1780-ல் அந்த வேலையையும் விட்டுவிட்டார் என்பது நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஆலோசகர் அதைச் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை: என்ன முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு விவரம் என்னிடம் இல்லை, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றுதான் பிராங்க்ளின் கடிதத்தைத் தொடங்கியிருக்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அந்த ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எழுதியே இருக்க மாட்டேன்.

சரி, என் தாளுக்கு வருகிறேன். விலக 23 காரணம், இருக்க 9. எண்ணிக்கையைப் பார்த்ததும் 'முடிந்தது கதை' என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இது எதைப் பற்றியது என்று ஒரு சொல் எழுதுங்க மேடம். ஆளா, வேலையா, நேரமா, சம்பளமா?" என்றார். எழுதினேன். 23-ல் 14 வரிக்குப் பக்கத்தில் 'ஆள்'. அந்தப் பதினாலும் ஒரே ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த என் மேனேஜர். 5 வரி நேரம், 3 வரி சம்பளம். 'வேலை' என்று ஒரே ஒரு வரி. மறுபக்கம் இருந்த ஒன்பதில் ஆறு, வேலையைப் பற்றியவை.

அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக, இந்தத் தொழிலே வேண்டாம், ஏதாவது கடை வைக்கலாம், குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தவள் நான். காலில் முள் குத்தியதற்குச் செருப்புக் கடையையே மாற்றப் பார்த்திருக்கிறேன். விடுவதா இல்லையா என்பதற்கு முன்னால், எதை விடுவது என்ற கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. இந்த ஒரு பயிற்சிக்கே இரண்டு நட்சத்திரம் தருகிறேன்.

அதே அமர்வில் ஒரு சண்டையும் நடந்தது. இருக்கும் பக்கத்தில் '11 வருஷம் இருந்தாயிற்று' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் உடனே அதை அடிக்கச் சொன்னார். மூழ்கிய செலவு என்றார். ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார்: ஒரு பருவம் முழுவதற்குமான நாடக டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும், யாருக்கு எது என்று பார்க்காமல் விற்றார்கள். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். போன பணம் திரும்பாது, ஆனாலும் அது நம்மை இழுக்கிறது. நியாயம்தான்.

ஆனால் 11 வருஷத்தை அப்படியே நாடக டிக்கெட்டாக்கிவிட முடியாது. கழிந்த வருஷங்கள் கழிந்தவைதான். அவை இனிமேல் ஈட்டித் தரப் போவது கழியவில்லை. சேர்ந்திருக்கும் விடுப்பு, அவசரம் என்றால் கேள்வி கேட்காமல் வீட்டுக்கு அனுப்புகிற நம்பிக்கை, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பழக்கம், இவை நாளைக்கும் பலன் தரும். புது இடத்தில் இவற்றை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த வரியை உடைச்சு எழுதுங்க" என்றார். உடைத்து எழுதினேன். 'இத்தனை வருஷம் வீணாகிவிடுமே' என்பதை அடித்தேன். மற்ற மூன்றும் தனித்தனி வரியாக நின்றன.

மூன்றாவது அமர்வு பணம். இங்கேதான் ஏமாற்றம், ஒருவேளை நான் அந்தத் துறைக்காரி என்பதாலும் இருக்கலாம். 'ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருங்கள்' என்ற ஒரு வரியும், வரவு செலவு எழுத ஒரு கட்டம் போட்ட தாளும். அவ்வளவுதான். 500 செட்டில்மென்ட் போட்டவளுக்கு, மனிதர்கள் எங்கே இடறி விழுகிறார்கள் என்று தெரியும். கடைசிச் சம்பளம் வழக்கமான தேதியில் வராமல் போகலாம். பல நிறுவனங்களில் செட்டில்மென்டோடு சேர்த்துத்தான் தருவார்கள், அது வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம். நோட்டீஸ் பீரியடில் பத்து நாள் குறைத்துக்கொண்டு கிளம்பினால் அந்தப் பத்து நாள் சம்பளம் பிடிக்கப்படலாம். நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு முடிந்துவிடும். புதிய இடத்தில் தொடங்கும்வரை இடையில் ஓர் ஓட்டை. சம்பள முன்பணம் பாக்கி இருந்தால் மொத்தமாகக் கழிப்பார்கள். சேரும்போது வாங்கிய ஊக்கத்தொகையை, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருக்கும். அந்தக் கடிதத்தைச் சேர்ந்த நாளுக்குப் பிறகு யாரும் திறந்தே பார்ப்பதில்லை. கணக்கைக் காட்டியதும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். இதில் ஒன்றுகூட அந்த அமர்வில் வரவில்லை. நானே ஒரு தாளில் எழுதி அவருக்கு அனுப்பினேன். நன்றி சொன்னார். அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறாரோ என்னவோ, கொடுத்தால் சந்தோஷம்.

அதற்குப் பதில் அன்றைக்கு நாணயக் கதை சொன்னார். ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர், முடிவெடுக்க முடியாமல் திண்டாடுபவர்களுக்காக இணையத்தில் நாணயம் சுண்டும் ஏற்பாடு ஒன்று செய்தார். 20,000 தடவைக்கு மேல் சுண்டப்பட்டது. 2021-ல் ஆய்விதழில் வந்த முடிவு: நாணயம் 'மாறு' என்று சொன்னவர்கள் மாறுவது அதிகமாக இருந்தது, பெரிய விஷயங்களில் மாறியவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். "ஆக, சந்தேகம் வந்தால் மாறிடுங்க மேடம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போனவர்கள் மதில்மேல் பூனைகள். நாணயம் எந்தப் பக்கம் விழுந்தாலும் சம்மதம் என்று தாமாகத் தேடிப் போனவர்கள். வீட்டில் ஒரே சம்பளம் இருப்பவர் நாணயத்தைச் சுண்டவே போயிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் இன்னொரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய இணையப் பக்கத்தில் வாடிக்கையாளர் அனுபவங்கள் என்று வரிசையாகப் படங்கள். எல்லோரும் வேலையை விட்டவர்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். "இருந்துட்டேன், நல்லாயிருக்கேன்னு ஒருத்தர்கூட உங்ககிட்ட சொன்னதில்லையா சார்?" என்று கேட்டேன். சிரித்தார். "இருக்காங்க மேடம். அவங்க யாரும் போட்டோ அனுப்புறதில்லை." நேர்மையான பதில். ஆனால் விட்டுவிட்டு, சிரிக்க முடியாமல் இருப்பவர்களும் போட்டோ அனுப்ப மாட்டார்கள் இல்லையா? அவர் தானே ஒரு பெரிய வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர். தராசு பிடிக்கிறவரின் விரல் ஒரு தட்டின் மேல் லேசாகப் பட்டுக்கொண்டே இருந்தது. வேண்டுமென்று செய்கிறார் என்று சொல்ல மாட்டேன்.

நோட்டுக்கு வருகிறேன். இந்தச் சேவையின் உயிர் அதுதான். 60 நாள், நாளுக்கு ஒரு பக்கம், மூன்று எண்கள், இரண்டு வரி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் வேலைச்சோர்வை ஒரு நோயாக இல்லாமல் வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தபோது மூன்று கூறுகளைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலைமேல் ஒட்டாத தன்மையோ கசப்போ, திறன் குறைந்த உணர்வு. நோட்டில் இந்த மூன்றுக்கும் தினமும் பூஜ்யம் முதல் ஐந்துவரை எண் போட வேண்டும். மனநிலைக்கு மதிப்பெண்ணா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் எண்களைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாதே, கட்டம் போட்டு அடுக்கிப் பார்த்தேன்.

சக்தி வற்றல் மாதக் கடைசி வாரம் மட்டும் ஐந்தைத் தொடுகிறது. சம்பளம் போடும் நாட்கள். கசப்பு திங்கள், வியாழன்களில் ஏறுகிறது. மேனேஜர் கூட்டம் போடும் நாட்கள். திறன் பற்றிய சந்தேகம் 60 நாளில் ஒரு தடவைகூட இரண்டைத் தாண்டவில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று மூன்று மணி இருட்டில் தோன்றியதற்கு, பகல் வெளிச்சத்தில் எழுதிய அறுபது பக்கத்தில் ஆதாரம் இல்லை. தூக்கத்துக்குத் தனியாக மருத்துவரைப் பார்த்தேன். அதை ஆலோசகர்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அரை நட்சத்திரம் அதற்காகவே குறைத்தேன்.

நோட்டு சாதாரண நோட்டுதான். நீங்கள் கையில் இருக்கும் எந்த நோட்டிலும் கோடு போட்டு இதைச் செய்யலாம். நான் செய்திருப்பேனா? மாட்டேன். காசு கட்டியதால்தான் எழுதினேன். மூழ்கிய செலவு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உதவியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது அமர்வில் தேதி. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள், இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கீழேயே ஒரு நேரத்தைப் பேசிவைத்துக்கொள்வார்களாம். 1996-ல் அந்த நேரம் கடந்தும் சிலர் ஏறினார்கள். புயலில் எட்டுப் பேர் திரும்பவில்லை. எங்கள் சம்பளப் பிரிவுக்கு எவரெஸ்ட் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மூன்று நிபந்தனைகளை எழுதினேன். ஒன்று, மாதக் கடைசி வாரத்துக்கு இன்னோர் ஆள் வேண்டும். இரண்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் அழைப்பு வரக் கூடாது. இதை மேனேஜரிடம் நேராகச் சொல்ல வேண்டும். மூன்று, வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதியதற்கு ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். 90 நாளில் இவற்றில் குறைந்தது இரண்டு நடக்காவிட்டால் விலகுவது. ஆலோசகர் அன்றைக்கே கடிதம் கொடுப்பது என்று எழுதச் சொன்னார். நான் 'அன்றைக்கு வேறு வேலை தேட ஆரம்பிப்பது' என்று மாற்றி எழுதினேன். அந்த மாற்றத்துக்காக இன்றுவரை என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

இன்னோர் ஆளைப் போட்டார்கள். கேட்டதும் கொடுத்தார்கள்; இரண்டு வருஷமாக நான் வாயைத் திறந்து கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேனேஜரிடம் பேசினேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். மூன்று வாரம் ராத்திரி போன் அடிக்கவில்லை. நாலாவது வாரம் 9:40-க்கு அடித்தது, அப்புறம் பழைய கதைதான். மாற்றல் கடிதத்துக்குப் பதிலே இல்லை.

90-ஆவது நாள் வந்தபோது, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமே என்று தோன்றியது. புது ஆள் வந்திருக்கிறாளே, மேனேஜர் முயற்சி செய்தாரே என்று வக்கீல் மாதிரி மனசு வாதாடியது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மூன்று மாதத்துக்கு முன் என் கையெழுத்தில்: 'இன்னும் ஒரு மாதம் என்று அன்றைக்குத் தோன்றும்.' அப்படியும் ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன், அந்த மாதச் சம்பளத்தை முடித்துவிடலாம் என்று. பத்தாம் நாள் என் விவரக்குறிப்பைத் தூசி தட்டினேன். நான்கு மாதத்தில் வேறு இடம் கிடைத்தது. அதே சம்பளப் பிரிவு வேலை. சம்பளம் பெரிதாகக் கூடவில்லை.

யாருக்கு இந்தச் சேவை? ஏற்கனவே முடிவெடுத்துவிட்டு ஆமாம் சாமி போட ஆள் தேடுகிறவர்களுக்குக் காசு தண்டம். அலுவலகத்தில் அவமானமோ அத்துமீறலோ நடந்தால் நோட்டு எழுதிக்கொண்டு 90 நாள் காத்திருக்க வேண்டாம். அது வேறு பாதை. என்னைப்போல் வரைவுக் கடிதத்தை வருஷக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பவர்கள் போகலாம். செயலியை நிறுவாதீர்கள். குணநல அறிக்கையைப் பிரிக்காதீர்கள். பணக் கணக்கை உங்கள் சம்பளப் பிரிவில் இருப்பவரிடம் கேளுங்கள், அவர் சந்தோஷமாகச் சொல்வார்.

தன் செட்டில்மென்டைத் தானே போடக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் என்னுடையதைப் புதிதாக வந்த பெண்தான் போட்டாள். "அக்கா, ஒரு தடவை பார்த்துடுங்க" என்று தாளை நீட்டினாள். சேர்ந்திருந்த விடுப்பில் ஒரு நாளை விட்டிருந்தாள். பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.